கரையில் சொல்லிவிட்டுப் போங்கள்



எங்கள் ஊர் நார்த்தாமலை. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி செல்லும் சாலையை ஒட்டி, கருங்கற்குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. குன்றின் மேலுள்ள பழைமையான விஜயாலய சோழீச்சரத்தைக் காண வருவோரும், கல் ஏற்ற வரும் லாரிகளும்தான் எங்கள் ஊருக்கு வெளியுலகத்தைக் கொண்டுவருகின்றன. கடலுக்கும் எங்களுக்கும் தொடர்பு குறைவு. பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1974 ஜனவரியில் தனி மாவட்டம் உருவானபோது, தஞ்சையிலிருந்து அறந்தாங்கிப் பகுதி வந்து சேர்ந்தது. அதன் பிறகுதான் மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்கள் எங்கள் மாவட்டத்தின் பகுதிகளாயின.

என் வாழ்வில் கடல் திருமணத்தின் வழியாக வந்தது. என் மனைவியின் ஊர் கோட்டைப்பட்டினத்துக்கு அருகில் உள்ள ஒரு கடற்கரைக் கிராமம். மச்சான் சொந்தமாக ஒரு ஃபைபர் நாட்டுப்படகு வைத்து வலைத்தொழில் செய்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, அவருடைய படகு பழுதாகி நடுக்கடலில் நின்றது. படகில் நாங்கள் நால்வர். மச்சான், பக்கத்துக் குப்பத்திலிருந்து வேலைக்கு வரும் இளைஞர், நான், பதினான்கு வயதான என் மகன்.

அல்லாஹ் எங்களைப் பத்திரமாகக் கரை சேர்த்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்று எங்களுக்கு நேர்ந்த ஆபத்தில் இயந்திரத்தின் பங்கு சிறியது, எங்கள் பங்கு பெரியது. இந்த எழுத்தைப் படிப்போர் பலரின் வீடுகளில் கடலுக்குச் செல்லும் தந்தையோ, கணவரோ, பிள்ளையோ இருப்பார்கள். அவர்களுக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தில், எங்கள் தவறுகளை மறைக்காமல் எழுதுகிறேன்.

புறப்பட்ட விதம்

கடலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை என் மகனுக்கு. அதை மச்சானிடம் கொண்டுசென்றவன் நான். தொழிலுக்குச் செல்லும் படகில் தொழிலாளர் அல்லாதவரை ஏற்றிச் செல்லக் கூடாது என்பதை அவர் அறிவார். எனினும் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை கேட்கும்போது மறுக்க அவரால் இயலவில்லை. விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்பட்டோம். பெண்கள் உறங்கிக்கொண்டிருந்தனர். எந்தத் திசையில் செல்கிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று யாரிடமும் சொல்லவில்லை. "காலைச் சாப்பாட்டுக்கு வந்துடலாம் மச்சான்" என்று அவர் என்னிடம் சொன்னதுதான் அன்றைய பயணத்தைப் பற்றிய ஒரே தகவல்.

பாக் நீரிணையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்கள் தொழிலுக்குச் செல்கின்றன. மற்ற நான்கு நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. வலைகள் அறுபடாமல் இருக்கவும் சண்டை நேராமல் இருக்கவும் செய்துகொண்ட ஏற்பாடு இது. அன்று ஞாயிறு என்பதால், காலையில் கரை திரும்பிய ஓரிரு விசைப்படகுகளைத் தவிர வேறு பெரிய படகுகள் கண்ணில் படவில்லை. நாட்டுப்படகுகளும் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் இருந்தன.

ஃபஜ்ர் தொழுகைக்குக் கடல்நீரில் உளூச் செய்தோம். கடற்பயணத்தில் தாங்கள் கொண்டுசெல்லும் நீர் குறைவு, அதில் உளூச் செய்தால் குடிக்க இல்லாமல் போய்விடுகிறது, கடல்நீரில் உளூச் செய்யலாமா என்று ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டார் என்றும், கடல்நீர் தூய்மையானதே என்று அவர்கள் விடை பகர்ந்தார்கள் என்றும் ஹதீஸ் நூல்களில் படித்திருக்கிறோம். அதை நான் சட்ட விளக்கமாக மட்டுமே அறிந்திருந்தேன். கடலில் குடிநீர் எத்தனை அரிய பொருள் என்பதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது என்பது சில மணிநேரம் கழித்துத்தான் புரிந்தது. எங்கள் படகில் ஐந்து லிட்டர் கேன் ஒன்றுதான் இருந்தது. அதில் பாதியை, மீன் அள்ளிய கைகளைக் கழுவுவதற்கே செலவழித்துவிட்டோம்.

படகு நின்றது

வலையை இழுத்து முடித்துத் திரும்பும்போது மணி எட்டேகால். இயந்திரம் இருமுறை இருமியது. புகை கறுத்தது. பிறகு நின்றுவிட்டது. அந்த நிசப்தத்தை நான் மறக்கவில்லை. அதுவரை இயந்திரத்தின் ஓசையில் கேட்காத காற்று, அப்போது கேட்கத் தொடங்கியது. ஆடி மாதத்துக் கச்சான் காற்று, மேற்கிலிருந்து கிழக்கே வீசுவது. கரை எங்களுக்கு மேற்கே இருந்தது.

மச்சான் பதறவில்லை. டீசல் இயந்திரம் நிற்பதற்கான காரணங்களை விரல்விட்டு எண்ணினார். முதலில், விசிறியில் வலைத்துண்டோ பிளாஸ்டிக் கயிறோ சுற்றியிருக்கிறதா என்று நீண்ட தண்டை நீரிலிருந்து தூக்கிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அடுத்து டீசல் வடிகட்டியைத் திறந்தார். அடியில் கண்ணாடிபோல் நீர் தேங்கியிருந்தது. கேனின் மூடி சரியாக இறுகாததால் அலைநீர் டீசலில் கலந்துவிட்டது. வடிகட்டியைச் சுத்தம் செய்தார். வடிகட்டியைத் திறந்தால் டீசல் செல்லும் குழாயில் காற்றுப் புகுந்துவிடும். அந்தக் காற்றை வெளியேற்றாமல் இயந்திரத்தை எத்தனை முறை சுற்றினாலும் கிளம்பாது. அதையும் செய்தார். இயந்திரம் உயிர்பெற்றது. இரண்டு நிமிடங்களில் மீண்டும் நின்றது. கேனில் மீதமிருந்த டீசலிலும் நீர் கலந்திருந்ததே காரணம். மாற்று டீசல் இல்லை.

இவ்வளவும் நடந்து முடிய முக்கால் மணிநேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணிநேரமும் படகு காற்றோடு போய்க்கொண்டிருந்தது என்பதை எங்களில் யாரும் கவனிக்கவில்லை. வேலைக்கு வந்திருந்த இளைஞர்தான், "பாய், மொதல்ல நங்கூரத்தப் போடுவோம்" என்றார். எங்களில் வயதில் இளையவரும் கூலிக்கு வந்தவருமான அவர் சொன்னதுதான் அன்றைக்குச் சொல்லப்பட்ட முதல் சரியான சொல். இயந்திரம் நின்றதும் செய்ய வேண்டிய முதல் வேலை, இயந்திரத்தைப் பார்ப்பது அன்று, படகை இருந்த இடத்தில் நிறுத்துவது. இடம் மாறாதிருந்தால் பழுதுபார்க்க நேரம் கிடைக்கும். தேடி வருபவருக்கும் சொன்ன இடத்தில் நாம் இருப்போம்.

நங்கூரத்தை இறக்கினார்கள். அங்கே ஆழம் ஆறு பாகம் இருக்கும். நங்கூரம் தரையைக் கவ்விப் பிடிக்க வேண்டுமானால், அமைதியான நீரில்கூட ஆழத்தைப்போல் மூன்று மடங்கு கயிறு விட வேண்டும். காற்று வீசினால் ஐந்து மடங்கு வேண்டும். எங்களிடம் இருந்த கயிறு பத்துப் பாகத்துக்கும் குறைவு. முந்தைய வாரம் வேறு ஒரு தேவைக்காக அதில் பாதியை வெட்டி எடுத்துவிட்டதை மச்சான் அப்போதுதான் நினைவுகூர்ந்தார். நங்கூரம் பிடிக்காமல் தரையில் இழுபட்டது. பிறகு பழைய வலை ஒன்றைச் சுருட்டிக் கட்டி, படகின் முன்பக்கத்திலிருந்து நீரில் விட்டார்கள். அது நீரில் கனத்து இழுத்துக்கொள்ள, படகின் முகம் அலைக்கு நேராகத் திரும்பியது. பக்கவாட்டில் அடித்த அலை நின்றது. படகு நகர்வதும் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை.

கேட்கத் தயங்கிய நேரம்

என் மகன் அப்போது ஜிபிஎஸ் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அத்தா, இந்த நம்பர் மாறிக்கிட்டே இருக்கு" என்றான். கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தோம். கிழக்கே இருப்பது எல்லைக்கோடு. 1974-இல் இந்திய இலங்கை அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்த நீர்ப்பரப்பின் நடுவே வகுக்கப்பட்ட கோடு அது. நீரில் கோடு தெரியாது. தெரிந்தே கடந்தாலும், பழுதாகி அடித்துச் செல்லப்பட்டுக் கடந்தாலும், கரையில் இருக்கும் குடும்பத்துக்கு ஒரே தவிப்புதான். 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து சென்ற விசைப்படகு ஒன்று, இலங்கைக் கடற்படைக் கலத்தோடு ஏற்பட்ட மோதலில் மூழ்கி நான்கு உயிர்கள் போயின. அந்த நினைவு அந்தக் கரையில் இன்னும் ஆறவில்லை. மச்சான் வாய் திறக்கவில்லையென்றாலும், அவர் மனத்தில் ஓடியது அதுதான் என்பது முகத்தில் தெரிந்தது.

பலகைக்கு அடியில் இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகள் கயிற்றால் கட்டிக் கிடந்தன. ஒன்றின் கொக்கி உடைந்திருந்தது. நல்லதை என் மகனுக்கு மாட்டினேன். மாட்டும்போது என் கைகள் நடுங்கியதை அவன் பார்த்துவிட்டான். புறப்படும்போதே மாட்டியிருந்தால் அது பழக்கமாக இருந்திருக்கும். அப்போது மாட்டியதால் அவனுக்கு அச்சமாயிற்று.

கைபேசியில் சிக்னல் ஒரு கோடு, சில நேரம் அதுவும் இல்லை. "யாரையாவது கூப்பிடுங்க" என்றேன். மச்சான் பதில் சொல்லவில்லை. மீண்டும் வடிகட்டியைத் திறந்தார், மூடினார். மூன்றாவது முறையும் அதையே செய்தார். உதவி கேட்பதைத் தள்ளிப்போடவே அவர் அதைச் செய்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவர் தயங்கியதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன.

ஒன்று, நானும் என் மகனும். காவல் படைக்குச் சொன்னால், இவர்கள் யார், ஏன் ஏற்றினாய் என்ற கேள்வி வரும். உறவின் மரியாதைக்காக எங்களை ஏற்றிய மனிதர், அதே மரியாதைக்காக எங்களைக் காட்டிக்கொடுக்கத் தயங்கினார். விருந்தாளியாக வந்த நான், அவர் உதவி கேட்கும் வாயை அடைக்கும் காரணமாகிவிட்டேன். இதை எண்ணும்போதெல்லாம் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மற்றொன்று, வடக்கே சிறு புள்ளியாகத் தெரிந்த படகு. அதுவே எங்களுக்கு அருகில் இருந்த படகு. அதன் சொந்தக்காரரை மச்சானுக்கு நன்றாகத் தெரியும். எட்டு மாதங்களுக்கு முன் இருவருடைய வலைகளும் நீரோட்டத்தில் பின்னிக்கொள்ள, இருட்டில் ஒருவர் மற்றவரின் வலையை அறுக்க நேர்ந்தது. நட்டம் யாருக்கு என்பதில் தொடங்கிய பேச்சு, ஜமாஅத் வரை சென்று தீராமல் நின்றது. அன்று முதல் இருவருக்கும் பேச்சில்லை. ஒரே பள்ளிவாசலில், ஒரே சஃபில் நின்று தொழுவார்கள். தொழுகையை முடிக்கும்போது வலப்புறமும் இடப்புறமும் ஸலாம் கூறுவார்கள். எழுந்து வெளியே வந்தபின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாள்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகாது என்ற நபிமொழியை இருவரும் ஜும்ஆ உரைகளில் பலமுறை கேட்டவர்கள்தாம்.

பத்தரை மணிக்கு என் மகன் கேட்டான்: "மாமா, அந்தப் படகக் கூப்பிட்டா வருவாங்களா?"

மச்சான் சற்று நேரம் அவனையே பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்து, எட்டு மாதங்களாக அழைக்காத எண்ணை அழைத்தார். இரண்டு முறை இணைப்பு அறுந்தது. மூன்றாவது முறை எடுத்தார்கள். மச்சான் ஸலாம் சொன்னார். மறுமுனையிலிருந்து ஸலாத்துக்குப் பதில் வந்தது. அடுத்து வந்தவை இரண்டே கேள்விகள்: "எந்த எடம்? எத்தன பேரு?"

கட்டி இழுத்துச் சென்ற கதை

முக்கால் மணிநேரத்தில் அவர் வந்து சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். இன்னும் இழுக்காத வலையைக் கடலிலேயே விட்டுவிட்டு, அதற்கு அடையாளமாக மிதவைக்கொடியை மட்டும் நட்டுவிட்டு வந்திருந்தார். என்னையும் என் மகனையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. முதலில் ஒரு குடிநீர்ப் பாட்டிலை எறிந்தார். பிறகுதான் கயிற்றை எறிந்தார்.

படகைக் கட்டி இழுப்பது எளிய வேலை என்று நினைத்திருந்தேன். அன்று கண்டது வேறு. கயிற்றைப் படகின் முன்பக்கத்தில் வலுவான இடத்தில் கட்ட வேண்டும். பலகையிலோ கைப்பிடியிலோ கட்டினால் பிய்த்துக்கொண்டு போய்விடும். கயிறு நீளமாக இருக்க வேண்டும், இல்லையேல் பின்படகு அலையில் சறுக்கி முன்படகின் மேல் மோதும். முன்படகு அலையின் மேல் ஏறும்போது பின்படகும் ஏற வேண்டும். அவ்வாறு பார்த்துக் கயிற்றைக் கூட்டியும் குறைத்தும் விட்டார்கள். எங்களைப் பின்புறமாக உட்காரச் சொன்னார். முன்புறம் கனம் சேர்ந்தால் படகு தலை கவிழ்ந்து இடவலமாக ஆடும். இறுகிய கயிறு அறுந்தால் சாட்டைபோல் திரும்பி வரும், ஆகவே கயிற்றுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது என்று அவரே இரண்டு முறை எச்சரித்தார். மெதுவாகச் சென்றோம். எதிர்க்காற்று. கரையைத் தொட்டபோது மணி ஒன்றே முக்கால்.

கரையில் என் மனைவியும் மாமியாரும் மச்சானின் மனைவியும் நின்றிருந்தார்கள். பதினொரு மணி வரை அவர்கள் தேடவில்லை. எப்போது தேடத் தொடங்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. பதினொன்றரைக்குப் பிறகு கரைக்கு வந்து, எங்கே சென்றோம் என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் ஒவ்வொரு படகுக்காரரிடமும் கேட்டிருக்கிறார்கள். என் மனைவி அன்று என்னிடம் ஒன்றும் பேசவில்லை. மகனை அணைத்துக்கொண்டு முன்னே நடந்தார்.

மச்சான் பணம் எடுத்தபோது அந்தப் பெரியவர், "டீசல மட்டும் ஊத்தி விடு. வேறொண்ணும் வேணாம்" என்றார். டீசல் கணக்கை இருவரும் அங்கேயே முடித்துக்கொண்டார்கள். பிறகு ளுஹர் தொழப் பள்ளிவாசலுக்குச் சென்றோம். ஜமாஅத் முடிந்துவிட்டிருந்தது. நாங்களே இரண்டாவது ஜமாஅத்தாக நின்றோம். மச்சான் அவரைப் பார்த்து, "காக்கா, நீங்க முன்னாடி நில்லுங்க" என்றார். அவர் தொழவைத்தார். நாங்கள் பின்னே நின்றோம். வலைத் தகராறு அன்றே தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். அடுத்த மாதம் மீண்டும் பேசி, நட்டத்தை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் பேச்சு அன்று தொடங்கியது.

அன்றைய பிழைகளிலிருந்து

அதன்பின் மச்சானும் அவர் நண்பர்களும் சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை.

புறப்படும் முன், செல்லும் திசை, படகில் இருப்போரின் எண்ணிக்கை, திரும்பும் நேரம் ஆகிய மூன்றையும் வீட்டில் எழுதிவைக்கிறார்கள். சொன்ன நேரத்துக்கு மேல் இரண்டு மணிநேரம் கழிந்தால் யாரை அழைக்க வேண்டும் என்பதும் அதே தாளில் உண்டு. இந்திய கடலோரக் காவல் படைக்கு 1554. தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இந்த இரண்டு எண்களும் இப்போது மச்சான் வீட்டுச் சமையலறைச் சுவரில் இருக்கின்றன. கடலில் இருப்பவரின் கைபேசிக்கு சிக்னல் இல்லாமல் போகலாம், கரையில் இருப்பவரின் கைபேசிக்கு இருக்கும். உதவி கோரும் பாதிப் பொறுப்பு வீட்டுப் பெண்களின் கையில் இருக்கிறது. அவர்களுக்குத் தகவல் சொல்லாமல் செல்வது அந்தக் கையைக் கட்டிப்போடுவதாகும்.

காவல் படையை அழைப்பதற்கு உயிர் போகும் நிலை வர வேண்டும் என்று மச்சான் நினைத்திருந்தார். அது தவறு. கடலில் பேசப் பயன்படும் விஎச்எஃப் கருவியில் 16-ஆவது அலைவரிசை ஆபத்து அழைப்புக்கு உரியது. அதில்கூட இரண்டு நிலைகள் உண்டு. படகு மூழ்குதல், தீப்பற்றுதல் என்று உயிருக்கு உடனடி ஆபத்து நேர்ந்தால் "மேடே" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். இயந்திரம் நின்றுவிட்டது, அடித்துச் செல்லப்படுகிறோம், ஆனால் படகு நன்றாக இருக்கிறது என்றால் "பான் பான்" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். ஆபத்து முற்றுவதற்கு முன்பே சொல்வதற்கென்று உலகம் முழுவதும் ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள் என்றால், முன்கூட்டிச் சொல்வது கோழைத்தனம் அன்று, முறை என்றுதானே பொருள்? பழுது நீங்கிவிட்டால், உதவி வேண்டாம் என்று மீண்டும் அழைத்துச் சொல்லிவிடலாம்.

கைபேசியும் விஎச்எஃப் கருவியும் எட்டாத தொலைவுக்குச் செல்வோருக்காக இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகப் படகின் இடம் கரைக்குச் சென்றுசேரும். முதலில் வந்த கருவியில், நம் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது நமக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் அறிமுகமான இரண்டாம் தலைமுறைக் கருவியில், செய்தி கிடைத்தது என்ற பதில் படகுக்கே திரும்பி வருகிறது. நம் குரலை யாரோ கேட்டுவிட்டார்கள் என்று அறிவது எத்தனை பெரிய ஆறுதல் என்பது, மூன்றாவது முறை கைபேசி இணைந்தபோது மச்சானின் முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் குமரி மாவட்டத்து மீனவர் பலரை இழந்தோம். அவர்களில் எத்தனையோ பேர், எச்சரிக்கை எட்டாத தொலைவில் இருந்தவர்கள்.

இவை தவிரப் படகில் இருக்க வேண்டியவை: ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு நங்கூரக் கயிறு, தனிக் கேனில் மூடி இறுகிய மாற்று டீசல், ஒரு மாற்று வடிகட்டி, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், டார்ச் விளக்கு, துடுப்பில் கட்டி அசைக்க ஒரு சிவப்புத் துணி, கைகழுவத் தொடக் கூடாத குடிநீர். படகு மிதந்துகொண்டிருக்கும் வரை அதை விட்டு யாரும் நீந்திப் போகக் கூடாது. தேடி வருவோர் கண்ணுக்குப் படகு தெரியும், தனி மனிதனின் தலை தெரியாது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வை என்ற நபிமொழியைச் சொல்லாத உரை இல்லை. ஒட்டகத்துக்குக் கயிறு என்றால் படகுக்கு நங்கூரக் கயிறு. அதில் பாதியை வெட்டி எடுத்துவிட்டுத் தவக்குல் பேசுவது முறையாகாது.

யாஸீனில் ஒரு கப்பல்

எங்கள் வீட்டில் வெள்ளி இரவுகளில் யாஸீன் ஓதுவது வழக்கம். அந்த அத்தியாயத்தில், நிறைந்த கப்பலில் மனிதர்களைச் சுமந்து செல்வதைத் தன் அத்தாட்சியாக இறைவன் கூறுகிறான். தான் நாடினால் அவர்களை மூழ்கடிக்க முடியும், அப்போது அவர்களின் அபயக்குரலைக் கேட்டு வருபவர் எவரும் இருக்கமாட்டார் என்றும் கூறுகிறான் (36:41-44). எத்தனையோ ஆண்டுகள் ஓதியும் அந்த வசனத்தின் பொருளில் நான் நின்றதில்லை. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு வந்த வெள்ளி இரவில், ஓதிக்கொண்டே வந்தவன் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். குரல் கேட்கப்படுவதே ஓர் அருள். கேட்டு ஒருவர் வருவது மற்றோர் அருள். அந்த இரண்டாவது அருளை இறைவன் பெரும்பாலும் மனிதர்களின் கைகளில்தான் கொடுத்து அனுப்புகிறான். அன்று அது, நாம் பேசாமல் ஒதுக்கி வைத்திருந்த ஒருவரின் கையில் இருந்தது.

கடலில் ஆபத்தில் இருப்பவருக்கு உதவுவது கப்பல் தலைவரின் கடமை என்று 1982-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை கூறுகிறது. அந்தப் பெரியவர் அந்த உடன்படிக்கையைப் படித்திருக்கமாட்டார். "எந்த எடம்? எத்தன பேரு?" என்று கேட்க அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

கடலற்ற எங்கள் நார்த்தாமலைக்கும் கடலோடு ஒரு பழைய உறவு உண்டு. நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை ஆயிற்று என்பார்கள். நகரத்தார் என்றால் வணிகர். இங்குள்ள கல்வெட்டுகளில் பேசப்படும் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் கடல் கடந்தும் சென்றார்கள். அவர்களுடைய தமிழ்க் கல்வெட்டு ஒன்று 1088-ஆம் ஆண்டில் சுமத்ராத் தீவில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அத்தனை தொலைவு சென்றவர்கள் தனித்தனியாகச் செல்லவில்லை, குழுவாகவே சென்றார்கள். கடலில் துணை என்பது கரையிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டிய பொருள் என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இன்று உங்கள் வீட்டிலிருந்து யாரேனும் கடலுக்குச் செல்வாரானால், இரண்டு செய்திகளை அவரிடம் கேளுங்கள். எப்போது திரும்புவீர்கள்? கடலில் நீங்கள் அழைக்கத் தயங்கும் பெயர் ஏதும் உங்கள் கைபேசியில் இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், அந்த அழைப்பைக் கரையில் இருக்கும்போதே செய்துவிடச் சொல்லுங்கள்.

கடலிலும் தரையிலும் பயணம் செய்யும் நம் மக்கள் அனைவரையும் அல்லாஹ் பத்திரமாக வீடு சேர்ப்பானாக! அபயக்குரல் எழுப்புவோருக்கு உதவும் கைகளாக நம்மை ஆக்குவானாக! உதவி கேட்க வேண்டிய வேளையில் நம் உள்ளத்திலிருந்து பெருமையை நீக்குவானாக! ஆமீன்.